மேசைப் பாத்திர விளையாட்டுகளில் சேதமும் காயமும்: சண்டை விதிகளை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

மேசைப் பாத்திர விளையாட்டு என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு; கதையை நடத்தி எதிரிகளை இயக்குபவர் நடத்துநர். இந்த வழிகாட்டி, சொந்தமாக அப்படி ஒரு விளையாட்டை எழுதுபவர்களுக்கும், கையில் இருக்கும் விளையாட்டின் காய விதிகள் தங்கள் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று அவற்றை மாற்ற நினைக்கும் நடத்துநர்களுக்கும் உரியது. புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் ஆயுதப் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள்: கத்திக்கு 4 முகப் பகடை, வாளுக்கு 8 முகப் பகடை, கோடரிக்கு 12 முகப் பகடை என்று. அந்தப் பட்டியல் கடைசி வரிசைக்கு உரியது. ஓர் அடி எவ்வளவு கடுமையானது என்பது பகடையின் முகங்களைப் பொறுத்தது அல்ல. அடி வாங்குபவரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, மிச்சம் தீர்ந்தால் என்ன ஆகும், தீர்ந்தது எப்போது திரும்பி வரும் என்ற மூன்றையும் பொறுத்தது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்குவதற்கு முன் தேவைப்படுபவை

முதலாவதாக, உங்கள் விளையாட்டின் அடிப்படைப் பகடை முறை உறுதியாகியிருக்க வேண்டும். 20 முகப் பகடை ஒன்றா, 6 முகப் பகடை இரண்டா, 1 முதல் 100 வரை எண் தரும் நூற்று விழுக்காட்டுப் பகடையா என்பது தெரியாமல் காயத்துக்கான எந்த எண்ணையும் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவதாக, மாதிரிக் கதாபாத்திரம் ஒன்றும் மாதிரி எதிரி ஒன்றும் வேண்டும். இருவரும் தனித்திறன் ஏதும் இல்லாத சராசரி ஆட்களாக இருக்கட்டும். எல்லாக் கணக்கையும் இவர்களை வைத்தே செய்வோம். ஒவ்வொரு படியிலும் வேறு ஆளை வைத்துக் கணக்கிட்டால், எந்த விதி எந்த விளைவைத் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

மூன்றாவதாக, உங்கள் குழுவின் அளவும் ஓர் அமர்வின் நீளமும் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் படியில் இவை தேவைப்படும்.

1. எண் எதைக் குறிக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் பாத்திரத் தாளில் “உயிர்ப்புள்ளி 12” என்று, அதாவது அடிபடும்போது கழிக்கப்படும் எண் 12 என்று, எழுதியிருந்தால், அந்தப் 12 என்பது என்ன? சதையும் எலும்புமா? அல்லது மூச்சு, விழிப்பு, மனவுறுதி, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த தாக்குப்பிடிக்கும் திறனா? இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் அடுத்த படிக்குச் செல்லாதீர்கள். பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி, ஆட்டக்காரர் ஒரு பொருளிலும் நடத்துநர் இன்னொரு பொருளிலும் அந்த எண்ணைப் படிப்பதால் எழுபவை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஹிட் பாயின்ட் எனப்படும் உயிர்ப்புள்ளி, உடல் வலிமையோடு மனவுறுதியையும் அதிர்ஷ்டத்தையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகவேதான் அங்கே நிலை உயர்ந்த வீரர் ஒருவர் பல வாள்வீச்சுகளை வாங்கியும் முழு வேகத்தில் சண்டையிட முடிகிறது. பாதிப் புள்ளிகள் மிச்சமிருக்கும்வரை உடலில் காயத்தின் அடையாளம் பொதுவாகத் தெரிவதே இல்லை. இதற்கு மாறாக, கால் ஆஃப் க்துல்ஹு விளையாட்டின் ஏழாம் பதிப்பில் உயிர்ப்புள்ளி என்பது உடற்கட்டு, உடலளவு ஆகிய இரண்டு பண்புகளைக் கூட்டிப் 10-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டுவிடுவதால் கிடைப்பது. அனுபவம் கூடினாலும் அது வளர்வதில்லை. அது சதையின் கணக்கு. சாவேஜ் வேர்ல்ட்ஸ் விளையாட்டு புள்ளிகளையே கழிப்பதில்லை. அங்கே சேதத்தின் மொத்தம் உடலின் தாங்குதிறனை எட்டுகிறதா, எட்டினால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்து, மிகுதியின் ஒவ்வொரு 4-க்கும் ஒரு காயம் எழுதப்படுகிறது. ஃபேட் விளையாட்டில் காயம் என்பது ஒரு சொற்றொடர்: “விலா எலும்பு முறிந்திருக்கிறது” என்று தாளில் எழுதப்பட்டுவிட்டால், அதை எதிராளி தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். எந்த வகைக் கதையைச் சொல்லப் போகிறீர்கள் என்பதே அளவுகோல். நாயகர்கள் பத்து எதிரிகளை ஊடுருவிச் செல்லும் சாகசத்துக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் என்ற பொருள் ஏற்றது. ஒரே துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்ச வேண்டிய துப்பறியும் கதைக்குச் சதைக் கணக்கு ஏற்றது.

இங்கே நிகழும் வழக்கமான தவறு: எண்ணைத் தாக்குப்பிடிக்கும் திறன் என்று வரையறுத்துவிட்டு, குணப்படுத்தும் விதிகளைச் சதைக் காயத்துக்கு எழுதுவது. ஒதுங்கியதால் மூச்சு வாங்கியவருக்கு மூன்று வாரப் படுக்கை ஓய்வு விதித்தால் விதி தன்னையே மறுக்கிறது.

2. பூஜ்ஜியத்தில் என்ன நடக்கும் என்பதை முடிவுசெய்யுங்கள்

இதுவே மொத்த அமைப்பின் அடித்தளம். பூஜ்ஜியம் என்றால் மரணமா, மயக்கமா, சரணடைதலா, அல்லது உடல் உண்மையாகவே காயப்படத் தொடங்கும் எல்லையா? இதை முதலில் நிர்ணயிக்கக் காரணம், ஆட்டக்காரர்கள் சண்டையில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த இடத்தை நோக்கியே எடுக்கப்படுகிறது என்பதுதான். ஓடிப்போவதா, மருந்தைச் செலவிடுவதா, தோழருக்கு முன்னால் போய் நிற்பதா என்பதெல்லாம் பூஜ்ஜியத்தின் விலையைப் பொறுத்தவை.

நான்கு வடிவங்கள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, பூஜ்ஜியம் உடனடி மரணம். வேகமானது, தெளிவானது, ஆனால் கதாபாத்திரத்தை நீண்ட காலம் வளர்க்கும் விளையாட்டில் இது ஆட்டக்காரரைச் சண்டையையே தவிர்க்க வைக்கும். அதுதான் உங்கள் நோக்கம் என்றால் தயங்காமல் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பூஜ்ஜியத்துக்குப் பிறகு ஊசலாட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் பூஜ்ஜியத்தை எட்டியவர் மயங்கி விழுகிறார். தம் முறை வரும் ஒவ்வொரு தடவையும் 20 முகப் பகடையை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, கீழே வந்தால் தோல்வி. மூன்று வெற்றிகளில் நிலை உறுதிப்படுகிறது, மூன்று தோல்விகளில் மரணம். பகடையில் 1 விழுந்தால் இரண்டு தோல்வியாக எண்ணப்படும். 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு எழுந்துவிடலாம். யாரும் உதவாமலும் மேலும் அடிபடாமலும் இருந்தால், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு. இந்த வடிவத்தின் வலிமை, கூட இருப்பவர்களுக்கு அது தரும் அவசரம். விழுந்தவரைக் காப்பாற்றப் போவதா, நிற்கும் எதிரியை முடிப்பதா என்ற நெருக்கடியை வேறெந்த விதியும் இவ்வளவு நேரடியாக உண்டாக்குவதில்லை.

மூன்றாவது, விழுந்த விதத்தைப் பார்ப்பது. கால் ஆஃப் க்துல்ஹுவில் ஒரே அடியில் முழு உயிர்ப்புள்ளியில் பாதியோ அதற்கு மேலோ போனால் அது பெருங்காயம். பெருங்காயம் இல்லாமல் சிறு சிறு அடிகளால் பூஜ்ஜியத்துக்கு வந்தவர் மயங்குகிறார், அவ்வளவே. பெருங்காயத்தோடு பூஜ்ஜியத்துக்கு வந்தவர் உயிருக்குப் போராடுகிறார். கைகலப்பில் அடிவாங்கியவரையும் குண்டு பாய்ந்தவரையும் ஒரே எண்ணால் வேறுபடுத்திக் காட்டும் இந்த முறை, குறைந்த கணக்கில் நிறைந்த பொருளைத் தருவதாக நான் மதிக்கிறேன்.

நான்காவது, பூஜ்ஜியத்தை இரண்டாம் அடுக்கின் வாசலாக ஆக்குவது. கெய்ர்ன் போன்ற சிறிய விளையாட்டுகளில் பாதுகாப்புப் புள்ளிகள் தீர்ந்தபின் வரும் சேதம் வலிமைப் பண்பையே கரைக்கிறது. ஒவ்வொரு முறை கரையும்போதும் ஒரு சோதனை உருட்ட வேண்டும், தோற்றால் ஆள் செயலிழக்கிறார். முதல் படியில் “தாக்குப்பிடிக்கும் திறன், அது தீர்ந்தால் சதை” என்று எழுதியவர்களுக்கு இதுவே இயல்பான தேர்வு.

வழக்கமான தவறு: இரண்டாம் வடிவத்தை எடுத்துக்கொண்டு, எழுந்தவருக்கு எந்த விலையும் வைக்காமல் விடுவது. ஒரு புள்ளி குணமானாலே முழு வலிமையோடு எழ முடியுமென்றால், தோழர் விழும்வரை காத்திருந்து அதன்பின் குணப்படுத்துவதே சிக்கனமான உத்தி ஆகிவிடும். விழுவதும் எழுவதும் ஒரே சண்டையில் மூன்று நான்கு முறை நிகழும். மரண பயம் காணாமல் போகும். விழுந்து எழுந்தவருக்கு ஒரு களைப்பு நிலை, அல்லது சண்டை முடியும்வரை ஒரு தோல்விக் குறி அழியாமல் நிற்பது என்று சிறிய விலை ஒன்றை வைத்தாலே இது சரியாகிவிடும்.

3. மீட்சியின் வேகத்தைக் கதையின் காலத்தோடு பொருத்துங்கள்

சேதத்தின் உண்மையான எடை மீட்சியில்தான் இருக்கிறது. ஓர் இரவுத் தூக்கத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்றால், 20 புள்ளி இழப்பும் அன்றைய செலவு மட்டுமே. நாளுக்கு ஒரு புள்ளிதான் திரும்பும் என்றால், 5 புள்ளி இழப்பு கதையின் போக்கையே மாற்றும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டு விதிகளில் நீண்ட ஓய்வு உயிர்ப்புள்ளிகள் அனைத்தையும் திருப்பித் தருகிறது. கால் ஆஃப் க்துல்ஹுவில் பெருங்காயம் இல்லாதவருக்கு நாளுக்கு ஒரு புள்ளி. பெருங்காயம் உள்ளவர் வாரத்துக்கு ஒருமுறை உடற்கட்டுச் சோதனை உருட்டித்தான் மீள முடியும். பிளேட்ஸ் இன் தி டார்க் நாட்களை எண்ணுவதே இல்லை. இரண்டு செயல்களுக்கு இடைப்பட்ட ஓய்வுக் காலத்தில் சிகிச்சைக்கென்று ஒரு வாய்ப்பைச் செலவிட்டு, 4 கட்டங்கள் கொண்ட வட்டம் ஒன்றை நிரப்ப வேண்டும். அந்த வாய்ப்பை வேறு வேலைக்கும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் காயம் ஒரு விலையாக உணரப்படுகிறது.

உங்கள் கதையில் இரண்டு சண்டைகளுக்கு இடையே வழக்கமாக எவ்வளவு காலம் கழிகிறது என்று எழுதிப் பாருங்கள். மீட்சி அந்தக் காலத்தைவிட மிகக் குறுகியதாக இருந்தால் காயத்துக்குப் பொருள் இராது. மிக நீண்டதாக இருந்தால் ஆட்டக்காரர் ஒருவர் பல அமர்வுகள் ஒதுங்கி உட்கார வேண்டிவரும். இரண்டாவது நிலை முதலாவதைவிடக் கேடானது என்பது என் உறுதியான கருத்து. மேசைக்கு வந்தவருக்கு விளையாட ஏதாவது இருக்க வேண்டும். நீண்ட மீட்சியை விரும்புகிறீர்கள் என்றால், கதையில் மாதங்களைத் தாண்டிச் செல்லவோ, படுக்கையில் இருப்பவரின் ஆட்டக்காரர் வேறொரு பாத்திரத்தை எடுக்கவோ விதியிலேயே வழி செய்துவையுங்கள்.

4. காயம் செயலைப் பாதிக்குமா என்பதை அளவோடு தீர்மானியுங்கள்

அடிபட்டவர் தடுமாற வேண்டும் என்பது எல்லோருக்கும் நியாயமாகத் தோன்றுகிறது. ஆகவே ஒவ்வொரு காயத்துக்கும் பகடையில் 1 குறைப்பு என்று எழுதுகிறார்கள். இதில் ஒரு பொறி உள்ளது: முதல் அடி வாங்கியவர் அடுத்த வீச்சில் தவறுகிறார், தவறியதால் எதிரி நிற்கிறான், நின்றதால் இரண்டாம் அடி விழுகிறது, அதனால் மேலும் குறைப்பு. சண்டையின் முடிவு முதல் சுற்றிலேயே எழுதப்பட்டுவிடுகிறது, மீதிச் சுற்றுகள் சடங்காக நடக்கின்றன.

குறைப்பு எவ்வளவு கடுமையானது என்பது உங்கள் பகடையைப் பொறுத்தது. 20 முகப் பகடையில் 1 குறைந்தால் வாய்ப்பு 5 விழுக்காட்டுப் புள்ளிகள்தான் குறையும். இரண்டு 6 முகப் பகடைகளின் கூட்டுத்தொகை 7-ஐ எட்டும் வாய்ப்பு 36-இல் 21, அதாவது 58 விழுக்காடு. அதே ஒரு புள்ளிக் குறைப்பினால் 8 தேவைப்பட்டால் 36-இல் 15, அதாவது 42 விழுக்காடு. 9 தேவைப்பட்டால் 28 விழுக்காடு மட்டுமே. ஒரு விளையாட்டில் நன்றாக வேலை செய்த குறைப்பை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பொறியிலிருந்து தப்ப மூன்று வழிகளைப் பரிந்துரைக்கிறேன். குறைப்புக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சாவேஜ் வேர்ல்ட்ஸில் காயங்களால் வரும் குறைப்பு 3-ஐத் தாண்டுவதில்லை, மேலும் ஆட்டக்காரர் பென்னி எனப்படும், தம்மிடமுள்ள சிறு அடையாள வில்லை ஒன்றைச் செலவிட்டு விழவிருக்கும் காயத்தைத் தடுக்க முயலலாம். அல்லது குறைப்பைத் தற்காலிகமாக்குங்கள்; கர்ப்ஸ் விளையாட்டில் அடியின் அதிர்ச்சி சராசரி மனிதருக்கு அதிகபட்சம் 4 குறைப்பைத் தந்து, அடுத்த முறையோடு நீங்கிவிடுகிறது. அல்லது குறைப்பைக் கொடுத்தே தீர வேண்டுமானால், சண்டையிலிருந்து கண்ணியமாக வெளியேறும் வாசல் ஒன்றைத் திறந்துவையுங்கள். ஃபேட்டில் பகடை உருளுமுன் தோல்வியை ஒப்புக்கொள்பவர், தாம் எப்படித் தோற்கிறார் என்பதில் குரல் பெறுகிறார், அத்துடன் பின்னால் தமக்குச் சாதகமாகச் செலவிடக்கூடிய ஊழ்ப்புள்ளியும் பெறுகிறார். பின்வாங்குவதற்கு வெகுமதி இருக்கும் விளையாட்டில்தான் ஆட்டக்காரர்கள் பின்வாங்குகிறார்கள்.

5. சண்டையின் நீளத்தைத் தேர்ந்து, அதிலிருந்து எண்களைப் பெறுங்கள்

இப்போதுதான் எண்களுக்கு வருகிறோம். ஒரு சண்டை எத்தனை சுற்று நீடிக்க வேண்டும் என்று தீர்மானியுங்கள். நான்கு ஆட்டக்காரர்கள், நான்கு எதிரிகள், ஒவ்வொருவரின் முறைக்கும் 2 நிமிடம் என்றால் ஒரு சுற்று 16 நிமிடம். நான்கு சுற்று ஒரு மணி நேரத்தைத் தாண்டும். மூன்று மணி நேர அமர்வில் இது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள்: அடி படும் வாய்ப்பை ஓர் அடியின் சராசரிச் சேதத்தால் பெருக்கி, வேண்டிய சுற்றுகளால் பெருக்குங்கள். வாய்ப்பு 60 விழுக்காடு, சேதம் 8 முகப் பகடை ஒன்று, அதாவது சராசரி 4.5, வேண்டியது 4 சுற்று என்றால், 10.8 கிடைக்கும். ஆகவே மாதிரிக் கதாபாத்திரத்துக்கு 11 புள்ளி.

இங்கேதான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. இந்தக் கணக்கு ஒருவருக்கு ஒருவர் என்ற சண்டைக்கானது. மூன்று எதிரிகள் ஒரே ஆளைக் குறிவைத்தால் சுற்றுக்குச் சராசரி 8.1 புள்ளி போகும். அந்த 11 இரண்டாம் சுற்றிலேயே தீர்ந்துவிடும். அந்த நிலையில் ஆட்டக்காரருக்கு எதிர்வினையாற்ற ஒரு முறையாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறைகூடக் கிடைக்காமல் விழுவது கடினமான விளையாட்டு அல்ல. ஆட்டக்காரரின் முடிவுக்கு இடமில்லாத விளையாட்டு.

சராசரியோடு சிதறலையும் கவனியுங்கள். 12 முகப் பகடை ஒன்றும் 6 முகப் பகடை இரண்டும் ஏறத்தாழ ஒரே சராசரியைத் தருகின்றன: 6.5, 7. ஆனால் 12 விழும் வாய்ப்பு முதலாவதில் 12-இல் 1, இரண்டாவதில் 36-இல் 1. திடீர் அதிர்ச்சியை விரும்பினால் ஒற்றைப் பகடையும், திட்டமிடக்கூடிய சண்டையை விரும்பினால் இரட்டைப் பகடையும் பொருந்தும். இதை முடிவுசெய்த பிறகே ஆயுதப் பட்டியலை எழுதலாம்.

6. கவசத்தின் வேலையைச் சோதித்துப் பாருங்கள்

கவசம் அடி படும் வாய்ப்பைக் குறைக்கலாம், அல்லது பட்ட அடியின் சேதத்தைக் கழிக்கலாம். முதலாவது எல்லா ஆயுதங்களையும் ஒரே விகிதத்தில் தாக்கும். இரண்டாவது சிறிய ஆயுதங்களை மட்டும் பெரிதாகத் தாக்கும்.

கவசம் 3 புள்ளியைக் கழிப்பதாகக் கொள்வோம். 6 முகப் பகடையின் சராசரி 3.5-இலிருந்து 1-ஆகச் சரியும். 12 முகப் பகடையின் சராசரி 6.5-இலிருந்து 3.75-ஆகத்தான் குறையும். கவசம் இல்லாதபோது பெரிய ஆயுதம் இரு மடங்குக்கும் குறைவான வலிமை கொண்டிருந்தது. கவசத்துக்கு எதிரில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கத்தி ஏந்தும் கதாபாத்திரத்தை விரும்பி எடுத்த ஆட்டக்காரர், கவசமணிந்த எதிரிகள் வந்ததும் பயனற்றவராகிவிடுவார். கழிக்கும் முறையே வேண்டுமென்றால், கவசத்தின் இடைவெளியைக் குறிவைக்கும் விதி ஒன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

7. உடலுறுப்பும் கடுங்காய அட்டவணையும்: தேவைப்பட்டால் மட்டும்

அடி எந்த உறுப்பில் பட்டது என்று பார்க்கும் விதிகள் ஈர்ப்புடையவை. ரூன்குவெஸ்ட்டில் கை, கால், வயிறு, மார்பு, தலை ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளிகள் உண்டு. உறுப்பைக் கண்டறிய ஒரு 20 முகப் பகடை உருட்டப்படுகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஓர் உருட்டல் கூடுகிறது என்பதே இதன் விலை. வார்ஹேமர் ஃபேன்டசியில் இந்த விலையைத் தவிர்க்க அழகான வழி உண்டு: தாக்குதலுக்கு உருட்டிய நூற்று விழுக்காட்டு எண்ணைத் திருப்பிப் போட்டு, 27-ஐ 72-ஆகப் படித்து, உறுப்பைத் தெரிந்துகொள்ளலாம்.

நிரந்தர ஊனத்தைத் தரும் அட்டவணைகளை எழுதும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஓர் எதிரி வாழ்நாளில் ஒரே சண்டையில்தான் பங்கேற்கிறான். ஆட்டக்காரரின் கதாபாத்திரம் எல்லாச் சண்டைகளிலும் பங்கேற்கிறது. ஆகவே அரிதாக நிகழும் விளைவுகளும் காலப்போக்கில் கதாபாத்திரத்தின் மீதே குவியும். 20-இல் 1 என்று நீங்கள் எழுதும் கையிழப்பு, இருபது முப்பது அடிகளுக்குள் யாரோ ஒருவருக்கு நேர்வதற்கே வாய்ப்பு அதிகம்.

8. எதிரிகளின் கணக்கைக் குறையுங்கள்

நடத்துநர் ஒருவரே ஆறு எதிரிகளின் காயங்களை நினைவில் வைக்க வேண்டியிருக்கும். சாதாரண எதிரி முதல் காயத்திலேயே விழட்டும். முழு விதி தலைமை எதிரிக்கு மட்டும் போதும். மேலும், எதிரிகள் எப்போது ஓடுவார்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். தலைவன் விழுந்தாலோ பாதிப் பேர் விழுந்தாலோ சிதறுவார்கள் என்ற ஒரு விதி, கடைசி இரண்டு சுற்றுகளின் அலுப்பை நீக்கிவிடும்.

9. விவரிக்கும் முறையை மேசையில் முன்கூட்டியே பேசுங்கள்

முதல் அமர்வுக்கு முன், எந்த வகைக் காய வருணனை யாருக்கும் வேண்டாம் என்று கேளுங்கள். கண்ணில் படும் காயம், குழந்தைகளுக்கு நேரும் காயம் போன்றவற்றைக் கேட்கவே விரும்பாதவர்கள் உண்டு. அவர்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.

வருணனை முதல் படியில் எழுதிய வாக்கியத்துக்கு உண்மையாக இருக்கட்டும். எண் தாக்குப்பிடிக்கும் திறன் என்றால், 12-இல் 5 போனவரிடம் “வாள் உன் வயிற்றைக் கிழித்தது” என்று சொல்லாதீர்கள். “கேடயத்தில் விழுந்த அடியில் தோள் மரத்தது, அரையடி பின்வாங்கினாய்” என்று சொல்லுங்கள். வயிற்றைக் கிழித்தது என்று சொல்லிவிட்டால், அடுத்த முறையில் அந்த ஆட்டக்காரர் ஓடிக் குதிக்க முடியாது என்று மற்றவர்கள் நினைப்பது நியாயமே.

10. கதையில்லாமல் ஒத்திகை பாருங்கள்

மாதிரிக் கதாபாத்திரத்தைப் போல நால்வரையும் மாதிரி எதிரியைப் போல நால்வரையும் மோதவிட்டு, ஒரே சண்டையைப் பல முறை ஓட்டுங்கள். முதலில் எல்லோரும் ஆளுக்கொருவரைத் தாக்கட்டும். அடுத்து எதிரிகள் ஒருவரையே குறிவைக்கட்டும். அடுத்து முதல் சுற்றில் ஆட்டக்காரர்கள் அனைவரும் தவறியதாகக் கொள்ளுங்கள். மூன்றாவது நிலையிலிருந்து மீள ஏதேனும் வழி இருக்கிறதா என்பதே நான்காம் படிக்கான சோதனை.

ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் ஆள் எந்தச் சுற்றில் விழுந்தார், அவர் விழுவதற்கு முன் எத்தனை முடிவுகள் எடுத்தார், மேசையில் எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். சண்டை நீளமாக இருக்கிறது என்று புள்ளிகளைக் குறைத்துச் சேதத்தையும் கூட்டினால், இரண்டும் சேர்ந்து இரு மடங்காக வேலை செய்து சண்டையை ஒரே சுற்றில் முடித்துவிடும்.

நடந்துகொண்டிருக்கும் தொடரில் விதியை மாற்றுகிறீர்கள் என்றால், அமர்வின் நடுவில் மாற்றாதீர்கள். இரண்டு அமர்வுகளுக்கு இடையில் அறிவித்து, பழைய காயங்களையெல்லாம் ஆறிவிட்டதாகக் கொண்டு, புதிய தாளில் புதிய எண்ணோடு அனைவரையும் தொடங்க விடுங்கள். பழைய விதியை நம்பிக் கவசத்தையோ திறனையோ தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதை ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் இடம் கொடுங்கள்.